எரிந்த எலும்பை எடுப்பதும் படிப்பதும்

காடாற்றுக்குப் போய் எலும்பு பொறுக்கியவர்களுக்கு இந்தப் பாடத்தில் பாதி ஏற்கெனவே தெரியும். விறகும் வறட்டியும் அடுக்கி எரித்த இடத்தில் சாம்பலைக் கிளறினால் ஒரு துண்டு சுண்ணாம்பு போல வெள்ளையாக வரும். அதை ஒட்டியே இன்னொன்று கரிக்கட்டை போல வரும். இடுப்புப் பக்கத்தில் ஒன்று பழுப்பாகவே கிடக்கும். ஒரே சிதை, ஒரே நெருப்பு, ஒரே இரவுதான். ஆனாலும் எலும்புக்கு எலும்பு நிறம் வேறு. அந்த இடத்தை எவ்வளவு சதை மூடியிருந்தது, எவ்வளவு காற்று புகுந்தது, எவ்வளவு நேரம் சுட்டது ஆகிய மூன்றும் சேர்ந்துதான் நிறத்தைத் தீர்மானிக்கின்றன. தீ விபத்தா, தற்கொலையா, கொன்றுவிட்டு எரித்ததா என்று கேள்வி எழும் வழக்குகளில் ஒரு வெள்ளைத் துண்டை மட்டும் பார்த்து "இத்தனை டிகிரி" என்று சொல்பவர் குறுக்கு விசாரணையில் மாட்டிக்கொள்வது இதனால்தான். தனித் துண்டு பேசாது. பக்கத்துத் துண்டோடு சேர்த்து வைத்தால்தான் பேசும்.

சம்பவ இடத்தில் வேலை செய்யும் தடயவியல் உதவியாளர்கள், சட்ட மருத்துவ மாணவர்கள், புலனாய்வு அதிகாரிகள் ஆகியோரை மனத்தில் வைத்து, சென்னைச் சூழலுக்கு ஏற்ப எழுதப்பட்டது இது.

நெருப்பில் எலும்புக்கு என்ன ஆகிறது

எலும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஹைட்ராக்ஸி அபடைட் என்ற கால்சியம் பாஸ்பேட் தாது. நான்கு அல்லது ஐந்தில் ஒரு பங்கு கொலாஜன் என்ற புரத நார். மீதி தண்ணீர். தாது விறைப்பைத் தருகிறது, கொலாஜன் வளைந்து கொடுக்கும் தன்மையைத் தருகிறது. நெருப்பு முதலில் தண்ணீரை வெளியேற்றும், அடுத்துக் கொலாஜனைத் தின்னும், கடைசியில் தாதுவையே மாற்றும். இந்தக் கட்டங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு நடக்கும்.

100 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் நீர் கிளம்பத் தொடங்கும். எலும்பு காய்ந்து, பழுப்பேறி, நுண்ணிய வெடிப்பு விடும். 300 டிகிரி வாக்கில் கொலாஜன் கருகி, அதன் கரி எலும்பிலேயே தங்கும். அப்போதுதான் எலும்பு கறுப்பாகிறது. காற்று கிடைத்தால் 500 முதல் 700 டிகிரிக்குள் அந்தக் கரியும் எரிந்து, நீலம் கலந்த சாம்பல் நிறம் வரும். அதற்கு மேலே போனால் கரி முழுதும் தீர்ந்து வெள்ளையாகும். இதைச் சுண்ணமான எலும்பு என்று இங்கே குறிப்பிடுகிறோம். 700, 800 டிகிரியைத் தாண்டும்போது தாதுப் படிகங்கள் வளர்ந்து ஒன்றோடொன்று உருகி ஒட்டும். சூளையில் வெந்த ஓடு போல எலும்பு சுருங்கும். தட்டினால் பீங்கான் சத்தம் வரும், விரலால் அழுத்தினால் பொடியாகும்.

இந்த எண்கள் எல்லாம் காற்றோட்டமுள்ள உலையில் கிடைத்தவை. தரையில் அழுந்திக் கிடந்த முதுகுப் பக்கத்துக்கும் சாம்பலுக்குள் புதைந்த துண்டுக்கும் காற்று கிடைக்காது. அவை எவ்வளவு சூடானாலும் கறுப்பாகவே நிற்கக்கூடும். ஆகவே கறுப்பு என்றால் குறைந்த வெப்பம் என்று எழுதாதீர்கள்.

வேறு சில நிறங்களும் குழப்பும். செம்புக் கம்பியோ வளையலோ ஒட்டியிருந்த இடத்தில் பச்சை ஏறும். இரும்பு துருப்பிடித்த செம்மையைத் தரும். புகைக்கரி மேலே படிந்ததும் எலும்பே கரியானதும் தூரத்தில் ஒன்றுபோலத் தெரியும். ஈரமில்லாத பஞ்சுக்குச்சியால் ஓரத்தில் மெதுவாகத் தொட்டால் புகைக்கரி ஒட்டிக்கொண்டு வரும், எலும்பின் கறுப்பு வராது. படம் எடுத்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

ஆட்டெலும்பில் பழகுங்கள்

முதன்முதலாக மனித எலும்பில் இதைக் கற்கக் கூடாது. கறிக்கடையில் ஆட்டின் தொடை எலும்பு வாங்கி ஆய்வகத்துக்கென ஒரு ஒப்பீட்டுத் தொகுப்பு செய்து வைத்துக்கொள்ளுங்கள். சதையைக் கத்தியால் வழித்துவிட்டு, 5 சென்டிமீட்டர் துண்டுகளாக அறுத்து, ஒரு வாரம் நிழலில் காயவிடுங்கள். ஈர எலும்பைச் சூடான உலையில் நேரடியாக வைத்தால் உள்ளே எழும் நீராவியே அதைப் பிளந்துவிடும். அந்தப் பிளவைப் பார்த்துத் தவறான பாடம் கற்றுக்கொள்வீர்கள்.

ஒவ்வொரு துண்டுக்கும் எண் கொடுத்து எடை, நீளம், குறுக்களவு மூன்றையும் குறியுங்கள். வெர்னியர் காலிப்பரில் 0.1 மில்லிமீட்டர் வரை போதும். மஃபிள் உலை என்ற மூடிய ஆய்வக உலையில் 200, 400, 600, 800, 900 டிகிரி என ஐந்து நிலைகள், ஒவ்வொன்றிலும் 30 நிமிடம். உலை தானாக ஆறிய பிறகே கதவைத் திறக்க வேண்டும். கொதிக்கும் எலும்பில் குளிர்ந்த காற்று பட்டால் அதிலும் வெடிப்பு வரும். நாற்றம் சாதாரணமாக இருக்காது. புகைபோக்கி இல்லாத அறையில் இதைத் தொடங்கவே வேண்டாம்.

இதே ஐந்து நிலைகளுக்கு இன்னொரு தொகுப்பும் தேவை. அதில் துண்டுகளை மூடியுள்ள மூசையில் (வெப்பம் தாங்கும் கிண்ணத்தில்), உலர்ந்த மணலுக்குள் புதைத்துச் சுடுங்கள். திறந்த தட்டில் 800 டிகிரியில் வெளுத்த எலும்பு, மணலுக்குள் அதே வெப்பத்தில் கறுத்து நிற்பதை ஒருமுறை கண்ணால் பார்த்தவர் நிறத்தை நம்பி ஏமாற மாட்டார்.

எடையும் பார்க்கத் தக்கது. காய்ந்த எலும்பு 600 டிகிரிக்குள்ளேயே எடையில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி இழந்துவிடும், அதற்கு மேல் பெரிதாகக் குறையாது. நீளம் நேர்மாறு. 600 வரை ஓரிரு சதவீதம்தான் சுருங்கும், 800ஐத் தாண்டியதும் சட்டென்று 10 சதவீதத்தை நெருங்கும், சிலவற்றில் கடந்தும் போகும். நிறத்தைச் சொல்லால் எழுதினால் ஆளுக்கு ஆள் மாறும். மண் ஆய்வில் பயன்படும் மன்செல் நிற அட்டையோடு ஒப்பிட்டு அதன் குறியீட்டை எழுதுங்கள். பார்க்கும்போது வெளிச்சமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இடத்தில்

கட்டடம் நிற்குமா, மின்சாரம் துண்டிக்கப்பட்டதா, சிலிண்டர் வால்வு மூடியதா என்று தீயணைப்புத் துறையினர் சொன்ன பிறகே உள்ளே கால் வையுங்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 176(3) பிரிவு, 7 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை விதிக்கக்கூடிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் இடத்துக்கு வந்து சான்று சேகரிக்கவும் அதைக் காணொளியாகப் பதியவும் வகை செய்கிறது. சந்தேக மரணத்துக்கான போலீஸ் விசாரணை, பழைய சட்டத்தின் 174ஆம் பிரிவுக்குப் பதிலாக இப்போது புதிய சட்டத்தின் 194ஆம் பிரிவின் கீழ் வருகிறது. பார்வை மகஜர் எழுதும்போதே எலும்புகள் கிடந்த நிலையை வரைபடமாக்கிவிட வேண்டும். பொருளை எடுத்த பிறகு எழுதும் மகஜர் எதற்கும் உதவாது.

தீயணைக்கும் நீரைப் பற்றி ஒரு வார்த்தை. உயிர் காக்கும் வேலையில் யாரும் எலும்பை நினைக்க முடியாது, நினைக்கவும் கூடாது. ஆனால் உடல் கிடக்கிறது, உயிர் இல்லை என்று உறுதியான பின் குழாயின் முழு வேகத்தை அதன் மேல் பாய்ச்ச வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளலாம். சுண்ணமான மண்டை ஓட்டை நீரின் வேகமே நொறுக்கிச் சிதறடிக்கும், வெப்ப அதிர்ச்சி புதிய பிளவுகளை உண்டாக்கும். எங்கே எவ்வளவு நேரம் தண்ணீர் அடித்தார்கள் என்று அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் ஆய்வகத்தில் அந்தக் குறிப்பைத் தேடுவார்கள்.

முதலில் எடுக்க வேண்டியது எரிபொருள் மாதிரி. எலும்புக்கு அடுத்துத்தான் முறை. மண்ணெண்ணெயும் பெட்ரோலும் ஆவியாகிக் கொண்டே இருக்கின்றன, எலும்பு காத்திருக்கும். உடலுக்கு அடியில் நனையாமல் கிடக்கும் துணி, பாய், மண் ஆகியவற்றைக் காற்றுப் புகாத தகர டப்பாவிலோ இறுக மூடும் கண்ணாடி ஜாடியிலோ இடுங்கள். சாதாரணப் பாலிதீன் பையில் போட்டால் ஆவி கசிந்துவிடும். எரியாத மூலையிலிருந்து ஒப்பீட்டுக்கு ஒரு மாதிரியும் தேவை.

பிறகு கட்டம் போடுங்கள். அறை என்றால் 1 மீட்டர் சதுரங்கள் போதும், உடல் கிடந்த பகுதிக்கு 50 சென்டிமீட்டர். ஒவ்வொரு சதுரத்துக்கும் எழுத்தும் எண்ணும். எந்தத் துண்டு எந்தச் சதுரத்தில் கிடந்தது என்பது போய்விட்டால் தலையின் துண்டும் முழங்காலின் துண்டும் ஒரே பையில் கலந்து, எரிந்த முறையைத் திரும்பக் கட்டவே முடியாது.

உலோகக் கரண்டி, மண்வெட்டி எதுவும் வேண்டாம். மூங்கில் குச்சி, பெயின்ட் பிரஷ், பிளாஸ்டிக் கரண்டி, முறம் போன்ற தட்டு இவை போதும். தலையும் கைகளும் முதலில். தலையைத் தொடுமுன் முன்பற்களைப் பாருங்கள். உதடு எரிந்து பல் வெளியே நின்றால் அதன் மேலுறையான எனாமல், அடியில் சுருங்கும் டென்டின் என்ற பல்திசுவிலிருந்து கழன்று உதிரத் தயாராக இருக்கும். கிடந்த நிலையில் நெருங்கிப் படம் எடுத்து, ஒரு துளி சயனோஅக்ரிலேட் பசையால் நிலைநிறுத்திய பிறகே தலையை அசைக்கலாம். கன்னமும் நாக்கும் மூடியிருப்பதால் கடைவாய்ப் பற்கள் பெரும்பாலும் தப்பும். தலையை மென்மையான பருத்தித் துணியில் சுற்றி, அதன் கீழே கிடக்கும் சாம்பலோடு சேர்த்து ஒரு அட்டையை நுழைத்து அப்படியே தூக்குங்கள். இடுப்பின் கீழுள்ள சாம்பலையும் இதே போல மொத்தமாக எடுக்க வேண்டும்.

மீதிச் சாம்பலைச் சலிக்க 5 மில்லிமீட்டர் சல்லடை மேலே, 2 மில்லிமீட்டர் கீழே. நிழலில், உலர்வாக. கையால் அழுத்தித் தேய்த்துச் சலித்தால் எலும்பு வலைக்குள் பொடியாகிப் போகும். கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் தவறு இது. கெட்டிப்பட்ட சாம்பலைத் தண்ணீர் ஊற்றிக் கரைக்கலாமே என்று தோன்றும். கரியான எலும்புக்கு ஓரளவு பரவாயில்லை, சுண்ணமானதுக்குக் கூடவே கூடாது. அது நீரைப் பஞ்சு போல உறிஞ்சிக் குழைந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்த வெளிச் சம்பவம் என்றால் முதல் வேலையே தார்ப்பாய் கட்டி, சுற்றிலும் வாய்க்கால் வெட்டுவது.

சேகரிப்பில் உருகிய உலோகங்களையும் விட்டுவிடாதீர்கள். எலும்பை விட நேர்மையான வெப்பமானிகள் அவை. ஈயம் 327 டிகிரியிலும் அலுமினியம் 660லும் தூய வெள்ளி 962லும் தங்கம் 1064லும் செம்பு 1085லும் உருகும். மெட்டியும் கொலுசும் கலப்பு வெள்ளி என்பதால் அவை சற்றுக் குறைவான வெப்பத்திலேயே இளகும். மெட்டி உருகாமல் விரலில் இருக்க, பக்கத்தில் அலுமினியப் பாத்திரம் வழிந்து கிடந்தால் இடையில் ஒரு வரம்பு கிடைக்கிறது. அந்தப் பொருள் கிடந்த இடத்தின் வெப்பம் அது என்பதையும், கலப்பு உலோகம் என்பதையும் மறக்காமல் எழுதினால் போதும்.

கீற்றுக் குடிசை சீக்கிரம் பிடித்துச் சீக்கிரம் அடங்கும். அதில் உடல் முழுதும் வெளுத்திருந்தால் வேறென்ன எரிந்தது, எவ்வளவு நேரம் எரிந்தது என்று தேட வேண்டும். காரில் டயரின் எஃகுக் கம்பிகள் சுருள் சுருளாக எலும்பில் பின்னிக்கொள்ளும். பிய்த்து எடுக்காமல் வெட்டி எடுங்கள்.

உலர்ந்த எலும்பைக் கெட்டியான அட்டைப் பெட்டியில், டிஷ்யூ காகிதம் சுற்றி, ஒரே அடுக்காக வையுங்கள். சென்னையின் ஈரக்காற்றில் ஜிப் பைக்குள் வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். சதை ஒட்டியுள்ளதை 4 டிகிரி குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். ஜீப்பின் பின்னால் தரையில் பெட்டியை வைத்துவிட்டு ஒவ்வொரு வேகத்தடையிலும் குதிக்கவிட்டால், ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்வது விபூதிதான். ஸ்பாஞ்சு மேல் வையுங்கள், அல்லது ஒருவர் மடியில் வைத்துக்கொள்ளட்டும்.

எலும்பா, மனிதனா, எத்தனை பேர்

பெட்டியைத் திறக்குமுன் எக்ஸ்ரே. குண்டு, கத்தி முனை, பல் நிரப்பி, எலும்பில் வைத்த தகடு எல்லாம் சாம்பலுக்குள் இருந்தபடியே தெரியும். அறுவை சிகிச்சையில் வைத்த தகட்டிலும் செயற்கை மூட்டிலும் தயாரிப்பாளர் குறியும் தொகுதி எண்ணும் பொறித்திருப்பது வழக்கம். டைட்டானியம் 1668 டிகிரி வரை உருகாது. அடையாளம் காண டி.என்.ஏ.வை விட இது விரைவான வழி.

அடுத்து, எலும்பல்லாதவற்றைக் கழியுங்கள். வெந்த பிளாஸ்டர், ஆஸ்பெஸ்டாஸ் ஓடு, நுரைத்த பிளாஸ்டிக், தேங்காய் ஓட்டின் கரி எல்லாம் எலும்பு வேஷம் போடும். உருப்பெருக்கியில் எலும்பின் உட்புறத் தேன்கூட்டு அமைப்பும் இரத்தக்குழாய்த் துளைகளும் தெரிய வேண்டும். சந்தேகம் நீடித்தால் எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவியில் கால்சியமும் பாஸ்பரஸும் எந்த விகிதத்தில் உள்ளன என்று பாருங்கள். பிளாஸ்டரில் கந்தகம் காட்டிக்கொடுத்துவிடும்.

கொடுங்கையூர், பெருங்குடி போன்ற குப்பை வளாகங்களில் எரிந்த எலும்பு என்று வரும் தகவல்களில் ஆட்டெலும்பும் மாட்டெலும்பும் எதிர்பார்க்க வேண்டியவையே. முனை இருந்தால் வடிவமே சொல்லும். நடுத்துண்டு மட்டும் என்றால் மெல்லிய குறுக்குவெட்டு எடுத்து நுண்ணோக்கியில் பாருங்கள். மாடு, ஆடு, பன்றி எலும்புகளில் செங்கல் அடுக்கியது போன்ற வரிசையமைப்பு அடிக்கடி தெரியும். வளர்ந்த மனித எலும்பில் வட்ட வட்டமான ஹேவர்சியன் அமைப்புகள் (நுண்ணிய இரத்தக்குழாயைச் சுற்றிய எலும்பு வளையங்கள்) சிதறிக் கிடக்கும். கடுமையாகச் சுண்ணமானதில் இந்த அமைப்பே கலைந்திருக்கலாம்.

பட்டினப்பாக்கம், பெசன்ட் நகர் கரையில் எலும்பு ஒதுங்கினால் முதல் கேள்வி வேறு. அது கரைத்த அஸ்தியா? நம் ஊர்த் தகனத்தில் எலும்பை அரைப்பதில்லை, அடையாளம் தெரியும் துண்டுகளே கடலுக்குப் போகின்றன. எல்லாத் துண்டும் ஒரே அளவில் வெளுத்து, வெள்ளைத் துணி முடிச்சு, மண்பானை ஓடு, மஞ்சள், நாணயம் கூட இருந்தால் அஸ்தி என்று கருதலாம். கலவையான நிறங்களும் எரியாத முனையும் வெட்டுக்குறியும் இருந்தால் முழு நடைமுறைக்குப் போக வேண்டும்.

எத்தனை பேர் என்பதை எடையால் முடிவு செய்யாதீர்கள். முழுதும் எரிந்த வளர்ந்த ஒருவரின் எலும்பு பொதுவாக 2 முதல் 3 கிலோ வரை வரும், ஆணுக்குக் கூடவும் இருக்கும். 1 கிலோவுக்கும் குறைவு என்றால் மீதி எங்கே என்று கேட்க அந்த எண் உதவும். ஆள் எண்ணிக்கைக்கு, உடலில் ஒரு பக்கம் ஒன்றே இருக்கும் எலும்பு இரண்டு முறை வருகிறதா என்று பாருங்கள். காதின் உட்பகுதியைத் தாங்கும் பெட்ரஸ் எலும்பு நெருப்பில் நன்றாகத் தப்பும். இடப்பக்கத்துப் பெட்ரஸ் இரண்டு கிடைத்தால் இறந்தது குறைந்தது இரண்டு பேர்.

எரிந்த வரிசை

எல்லாத் துண்டுகளையும் மணல் பரப்பிய மேசையில் உடல் அமைப்பில் அடுக்குங்கள். இதற்கு அரை நாள் போனாலும் போகட்டும், மற்ற எல்லாமே இதன் மேல்தான் நிற்கின்றன.

நெருப்பில் தசைகள் சுருங்கும்போது மடக்கும் தசைகள் வெல்லும். முழங்கை, மணிக்கட்டு, விரல்கள், முழங்கால் மடிந்து, குத்துச்சண்டைக்காரர் நிற்பது போன்ற கோலம் வரும். இறந்தவர் தடுத்துப் போராடியதாக இதைச் சிலர் எழுதுகிறார்கள். தவறு. பிணத்துக்கும் இதே கோலம்தான். இந்த மடக்கத்தால் முழங்கையின் வெளிப்புறம், புறங்கை, முழங்கால் சில்லு, சதை மெலிந்த நெற்றி, கீழ்க்காலின் முன்விளிம்பு இவை முதலில் எரியும். முழங்கையின் உள்மடிப்பு, தொடை நடு, இடுப்பு மூட்டு, மண்டையின் அடித்தளம் ஆகியவை கடைசியில். இந்த வரிசை மாறியிருந்தால் காரணம் தேடுங்கள். உள்மடிப்பு வெளுத்து வெளிப்புறம் தப்பியிருந்தால் கை மடியாமல் ஏதோ தடுத்திருக்கலாம். கட்டப்பட்டிருக்கலாம், மேலே பீரோ சரிந்திருக்கலாம், அந்த இடத்துச் சதை முன்பே வெட்டுப்பட்டிருக்கலாம். எதுவென்று எலும்பு மட்டும் சொல்லாது, இடத்துப் படங்களைப் பாருங்கள்.

பாதி எரிந்த நீண்ட எலும்பில் நிறப்பட்டைகளை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வாசிக்கலாம். வெள்ளை, சாம்பல், கறுப்பு, பிறகு மறுபடி ஒரு மங்கிய வெள்ளைப் பட்டை, மெல்லிய கோடு, அதன் பின் எரியாத மஞ்சள் எலும்பு. புதியவர்கள் வழுக்கும் இடம் அந்த இரண்டாவது வெள்ளை. அது சுண்ணமானது அல்ல. சதை பின்வாங்கிக்கொண்டிருந்தபோது தீ நேரடியாகத் தொடாமல் வெப்பம் மட்டும் பட்ட பகுதி. கறுப்புக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தால் குழப்பம் தீரும். தீப்பக்கத்து வெள்ளை மிக அதிகம் எரிந்தது, எரியாத பக்கத்து வெள்ளை மிகக் குறைவாகச் சுடுபட்டது. எரிந்தபோது சதையோடு இருந்தது என்பதற்கு இந்தப் பட்டை நல்ல சான்று. உலர்ந்த பழைய எலும்பை எரித்தால் இது வராது.

விரிசல்கள்

சதையோடு எரிந்த எலும்பில் நகப்பிறை போன்ற வளைந்த குறுக்குப் பிளவுகள் ஒன்றன் மேல் ஒன்றாக வரும், எலும்பு முறுக்கிக்கொள்ளும். உலர் எலும்பில் நீளவாட்டுப் பிளவுகள் மிகும். இது பழைய விதி. கொலாஜன் இன்னும் கெடாத உலர் எலும்பிலும் வளைவும் நகப்பிறையும் வரக்கூடும் என்று பின்னால் வந்த சோதனைகள் காட்டிவிட்டன. ஆகவே துணைச் சான்றாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடிபட்ட முறிவா, நெருப்பின் பிளவா என்பதுதான் நீதிமன்றத்தில் பெரிய கேள்வி. வெப்பப் பிளவு எரிந்த பகுதிக்குள்ளேயே நிற்கும், எரியாத எலும்புக்குள் வெகுதூரம் ஓடாது. கறுப்பில் தொடங்கி மஞ்சள் எலும்புக்குள் நீண்டு போகும் முறிவு இருந்தால் அதற்கு நெருப்பைத் தவிர வேறு காரணம் வேண்டும். அடுத்து, உடைந்த முகத்தைப் பாருங்கள். மேற்பரப்பின் நிறம் முறிவின் சுவரிலும் தொடர்ந்தால் முறிவு எரியுமுன்போ எரியும்போதோ ஏற்பட்டது. வெளியே வெள்ளை, முறிந்த முகத்தில் நடுவே கறுப்பு என்று சாண்ட்விச் போலத் தெரிந்தால் அது பின்னால், பெரும்பாலும் நம் கையிலேயே, உடைந்தது. இரண்டு துண்டுகள் கச்சிதமாகப் பொருந்தியும் பொருந்தும் ஓரங்களில் நிறம் திடீரென்று மாறினால், அவை எரியும்போதே பிரிந்து வேறு வேறு சூட்டில் கிடந்தவை.

துப்பாக்கிக் குண்டு மண்டையில் நுழைந்த துளை உட்புறம் அகன்றும், வெளியேறிய துளை வெளிப்புறம் அகன்றும் இருக்கும். இந்தச் சரிவு எரிந்த பின்னும் நிற்கும், துண்டுகளைச் சேர்த்து வைத்தால் தெரியும். வெட்டுக்காயத்தின் நேர்ச்சுவரும் அதில் ஆயுதத்தின் பற்கள் பதித்த கோடுகளும் கூட ஸ்டீரியோ நுண்ணோக்கியில் பல நேரம் தென்படும். மண்டையோட்டின் வெளி அடுக்கான வெளிப்பலகை செதில் செதிலாகப் பெயர்ந்தால் அதைக் குண்டு வெளியேறிய சரிவு என்று ஏமாறக்கூடாது. உள் அடுக்கான உள்பலகை அப்படியே இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள்.

சிதையில் கபாலம் வெடிக்கும் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. உள்ளே ஆவி அழுத்தம் கூடி மண்டை குண்டு போல வெடிக்கிறது என்று பாடப்புத்தகத் தொனியிலும் எழுதுகிறார்கள். கண்காணித்து எரித்துப் பார்த்த சோதனைகள் அதை ஆதரிக்கவில்லை. மண்டை நொறுங்குவது மேலே விழும் கூரையால், தண்ணீர்க் குழாயால், தூக்கும் கையால். சிதையில் என்றால் பிரட்டிவிடும் மூங்கிலால். எரிந்த மண்டைக்குள் ஓட்டுக்கும் மூளையுறைக்கும் நடுவே சாக்லேட் நிறத்தில், தேன்கூடு போலத் துளைகளோடு கட்டியான இரத்தம் இருந்தால் அது வெப்பம் உண்டாக்கியதாக இருக்கலாம். அடிபட்டதன் இரத்தம் என்று அவசரப்பட்டு எழுத வேண்டாம்.

அளவு, டி.என்.ஏ., பசை

தொடை எலும்பின் தலை வெள்ளையாக, 42 மில்லிமீட்டர் விட்டத்தில் கிடைத்தது என்று வையுங்கள். அப்படியே எடுத்துக்கொண்டால் பெண் பக்கம் சாயும். 5 சதவீதம் சுருங்கியிருந்தால் எரியுமுன் 44.2, 10 சதவீதம் என்றால் 46.7, 15 என்றால் 49.4. ஒரே எலும்பு, பெண்ணிலிருந்து ஆண் வரை போய்விட்டது. ஒரே எலும்பிலேயே இரு முனைகள் வேறு அளவில் சுருங்கும் என்பதால் ஒரே திருத்த எண்ணால் பெருக்கிப் பார்ப்பதும் கைகொடுக்காது. இடுப்பெலும்பின் பின்வெட்டு, காதின் பின்புறப் புடைப்பு, புருவமேடு போன்ற வடிவங்களைப் பாருங்கள், அளவைத் துணைக்கு வையுங்கள். வெளுத்த துண்டிலிருந்து உயரம் கணக்கிடவே வேண்டாம். வயதுக்குப் பல்வேர் வளர்ச்சியும் எலும்பு முனை ஒட்டிய நிலையும் நம்பத் தக்கவை.

டி.என்.ஏ. மாதிரிக்கு மூட்டுக்குள் ஒளிந்த சதை, எரியாத அல்லது பழுப்பான எலும்பு, கடைவாய்ப் பல்லின் வேர், பெட்ரஸ் என்ற வரிசையில் தேடுங்கள். கறுப்பில் வாய்ப்பு குறைவு. சுண்ணமான வெள்ளையில் எதிர்பார்க்காதீர்கள். வெள்ளைத் துண்டிலிருந்து பலன் வந்தால் அது எடுத்தவரின் தோலிலிருந்து வந்ததா என்று முதலில் சந்தேகப்பட வேண்டும்.

உதிரும் எலும்பைக் கெட்டிப்படுத்த 100 மில்லிலிட்டர் அசிட்டோனில் 5 கிராம் பாராலாய்ட் பி-72 என்ற அக்ரிலிக் பிசினைக் கரைத்து, சொட்டு சொட்டாக ஓரத்தில் ஊறவிடுவது வழக்கம். பின்னால் அசிட்டோனிலேயே கரைத்து எடுத்துவிடலாம். டி.என்.ஏ., எரிபொருள், வேதிப் பரிசோதனை மாதிரிகள் அனைத்தும் எடுத்து முடித்த பின்பே பசை பாட்டிலைத் திறக்க வேண்டும். அசிட்டோன் நாற்றமே எரிபொருள் சோதனையைக் கெடுத்துவிடும்.

நிறத்தை நம்ப முடியாத இடத்தில் எஃப்.டி.ஐ.ஆர். அகச்சிவப்புச் சோதனை கைகொடுக்கும். சில மில்லிகிராம் பொடி போதும். படிகங்கள் வளர வளர 565, 605 அலையெண்களில் உள்ள பாஸ்பேட் முகடுகள் தெளிவாகப் பிரியும், கார்பனேட் முகடு தேயும். அதே கருவியில் ஆட்டெலும்புத் தொகுப்பையும் ஓட்டி ஒப்பிட்டால்தான் அந்த எண்ணுக்குப் பொருள். மயிலாப்பூர் காமராஜர் சாலையில் உள்ள தமிழ்நாடு தடயவியல் துறைக்கு அனுப்பும் கடிதத்தில் "பரிசோதித்து அறிக்கை தரவும்" என்று மொட்டையாக எழுதாமல் கேள்வியைக் கேளுங்கள். மனித எலும்பா? குறைந்தது எத்தனை பேர்? எரியுமுன் ஏற்பட்ட காயம் உண்டா? இடத்துப் படங்களையும் கட்ட வரைபடத்தையும் கூடவே வையுங்கள்.

அறிக்கையில் வெப்பத்தை ஒற்றை எண்ணாக எழுதாமல் வரம்பாக எழுதுங்கள்: "வலது தொடை எலும்பின் கீழ்முனை சுண்ணமாகியுள்ளது. காற்றோட்டமுள்ள சூழலில் 700 டிகிரி அல்லது அதற்கு மேற்பட்ட வெப்பத்துக்கு இது பொருந்துகிறது. நடுப்பகுதி கரியாகியுள்ளது. மேல்முனையில் மாற்றமில்லை." பகுதி பகுதியாக இப்படி எழுதியதோடு, மண்டையின் எத்தனை சதவீதம் கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பதும் இடம்பெற வேண்டும். காயம் தெரியவில்லை என்பதும் காயம் இல்லை என்பதும் வேறு வேறு வாக்கியங்கள்.

நீதிமன்ற அனுமதி வந்து எலும்புகளைக் குடும்பத்திடம் ஒப்படைக்கும்போது, ஆய்வுக்கு வெட்டிய துண்டுகள் எவை, எவை ஆய்வகத்திலேயே இருக்கின்றன என்று பட்டியலில் தனியாகக் குறித்துக் கையெழுத்து வாங்குங்கள். கரைக்கப் போகிறவர்கள் கேட்பார்கள்.